வாத்து விரட்டும் மேய்ப்பு நாய்கள்: பழக்கும் முறையும் பழக்குவோரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில், நடுவே ஒரு குளமும் சுற்றிலும் ஒட்ட வெட்டிய புல்லுமாக அலுவலக வளாகங்களும் கோல்ஃப் மைதானங்களும் பூங்காக்களும் பெருகியபோது, கனடா வாத்துகளை விரட்டுவதற்கென்றே மேய்ப்பு நாய்களைப் பழக்கி, விடிகாலை முதல் இருட்டும்வரை இடம் இடமாக அழைத்துச் சென்று வேலை வாங்கும் தொழிலும் உடன் வளர்ந்தது. கரிய கழுத்தும் கன்னத்தில் வெள்ளைப் பட்டையும் கொண்டு, எடையில் 5 கிலோவையும் எட்டக்கூடிய இந்தப் பெருவாத்து வடக்கே குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தெற்கே வலசை வரும் இயல்புடையது. ஆயினும் இன்று தொல்லை என்று புகார் செய்யப்படும் கூட்டங்கள் பெரும்பாலும் வலசையை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் ஒரே வட்டாரத்தில் தங்கிவிட்டவை.

அவற்றை அங்கே தங்கவைத்தவர்கள் மனிதர்களே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டு வாத்துகளைக் கவர்ந்து இறக்குவதற்காக வேட்டைக்காரர்கள் வளர்த்துவந்த உயிருள்ள பார்வைப் பறவைகள், அம்முறை 1935இல் தடைசெய்யப்பட்டதும் வேலையற்றுப்போய்ப் பல இடங்களில் வெளியே விடப்பட்டன. அழிந்தேபோனதாகக் கருதப்பட்ட பேருருவ வகை 1962இல் மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் மீண்டும் அடையாளம் காணப்பட்டபின், பல மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் அதை வளர்த்துப் புதுப் புது நீர்நிலைகளில் குடியேற்றின. வலசைப் பாதையைக் குஞ்சுகள் பெற்றோருடன் பறந்தே கற்றுக்கொள்கின்றன. கற்பிக்க மூத்த பறவைகள் இல்லாத தலைமுறை, பிறந்த இடத்திலேயே இனம் பெருக்கிற்று. உரமிட்ட இளம்புல்லும், பகை வருவது தொலைவிலேயே தெரியும் திறந்தவெளியும், ஓடி இறங்க ஒரு குளமும் ஒருங்கே அமைந்த இடத்தைவிட அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? நாளொன்றுக்கு ஒரு பறவை அரை கிலோ அளவுக்கு எச்சமிடக்கூடும் என்பதால், நூறு பறவைகள் தங்கிய விளையாட்டுத் திடலில் குழந்தைகளை உட்காரவைக்கவும் முடியாது. எச்சத்தின் உரச்சத்து மழையில் கரைந்து குளத்தில் சேரும்போது பாசி மண்டுகிறது.

அவற்றைச் சுட்டுத் தீர்ப்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. 1916இல் அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கையை நிறைவேற்ற 1918இல் இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் சட்டத்தின்படி, வேட்டைப் பருவத்துக்கு வெளியே உரிய அனுமதி பெறாமல் வாத்தைக் கொல்வதும் பிடிப்பதும் முட்டையைச் சிதைப்பதும் குற்றம்; ஆனால் பறவையின் உடலைத் தொடாமலும் கூட்டைக் கலைக்காமலும் அச்சுறுத்தி எழுப்பிவிடுவதற்குக் கூட்டரசின் அனுமதி வேண்டியதில்லை. இந்தத் தொழில் முழுவதும் இந்த ஒரு விலக்கின்மேல்தான் நிற்கிறது. ஆகவே துரத்தும் நாய் எத்தனை வேகமானதாயினும் பயனில்லை. துரத்திக்கொண்டிருக்கும்போதே நிற்கத் தெரிந்த நாய்தான் இங்கே வேலைக்கு ஆகும்.

நாயைத் தவிர வேறு வழிகள் முயலப்படாமல் இல்லை. பிளாஸ்டிக் அன்னங்கள், ஓநாய் உருவில் வெட்டிய பலகைகள், வெடியொலி எழுப்பும் குழாய்கள் ஆகியவற்றை வாத்துகள் சில நாளில் அளந்துவிடுகின்றன. தன்னைப் பின்தொடராத உருவத்தையும், ஒலித்தபின் ஒன்றும் நிகழாத ஓசையையும் அவை விரைவில் பொருட்படுத்தாமல் விடுகின்றன. நாயோ உயிருள்ள பகை. நிலத்தில் நெருங்குவதோடு நீரிலும் இறங்கித் தொடர்வது.

இதற்குப் பெரும்பாலும் பயன்படும் பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை மலைகளில் செம்மறிகளை மேய்ப்பதற்காக உருவான இனம். 1893இல் நார்தம்பர்லாந்து வட்டாரத்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயே இன்றைய வழிமரபின் மூதாதையாகக் கொள்ளப்படுகிறது. அந்த நாய் குரைக்காமல், கடிக்காமல், உடலைத் தாழ்த்திப் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது என்பர். மேய்ப்பர்கள் இத்திறனைக் ‘கண்’ என்றே குறிப்பிடுகிறார்கள். விலங்கு நடத்தையியல் இதை வேட்டைத் தொடரின் ஒரு பகுதியாக விளக்குகிறது: உற்றுநோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், பற்றல், கொல்லல் என்று செல்லும் வரிசையில் முதல் மூன்று படிகள் மட்டும் மிகைப்பட்டு, பின்னவை மங்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய் இது. வாத்தின் கண்ணுக்கு அந்தப் பதுங்கல் நரியின் பதுங்கலாகவே படுகிறது. மங்கியிருக்கும் பற்றும் உணர்ச்சி முற்றிலும் அற்றுப்போவதில்லை என்பதால், மிச்சத்தைப் பயிற்சி சுமக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி வாத்திடம் தொடங்குவதில்லை. ஏறத்தாழ 8 மாதம் முதல் ஓராண்டு வயதுக்குள், நாய்க்குட்டி ஆடுகளை முந்தி ஓடும் அளவுக்குக் கால் பலம் பெற்றபின், வட்டமாக வேலியிட்ட சிறு திடலில் பழகிய சில செம்மறிகளோடு அது விடப்படுகிறது. ஒவ்வொரு விலங்கைச் சுற்றியும், அந்நியர் நுழைந்தால் அது விலகத் தொடங்கும் ஓர் எல்லை உண்டு. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர் கோலை நீட்டிய பக்கத்திலிருந்து கூட்டம் மறுபக்கம் சாய்வதுபோல, நாய் எந்தப் பக்கம் அவ்வெல்லையைத் தொடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மந்தை நகரும். மந்தையை நடுவில் வைத்துக் கையாளுபவருக்கு நேர் எதிரே சென்று நிற்பது இளநாயின் பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கத்தின்மேல்தான் கட்டளைகள் ஏற்றப்படுகின்றன: கடிகார முள் திசையில் சுற்றுவதற்குக் ‘கம் பை’, எதிர்த்திசைக்கு ‘அவே டு மீ’, நேரே நெருங்குவதற்கு ‘வாக் அப்’, படுப்பதற்கு ‘லை டவுன்’, வேலையை விட்டுத் திரும்புவதற்குத் ‘தட்டில் டூ’. நெடுந்தொலைவுக்கு இவையே வெவ்வேறு விசில் ஒலிகளாகின்றன.

இவற்றுள் கடைசி இரண்டுக்கே பயிற்சியாளரின் பெரும்பொழுது செல்கிறது. ஆடு அசையாதிருக்கும்போது நாயைப் படுக்கவைப்பது எளிது. மந்தை சிதறி ஓடும்போது, உடல் முழுதும் பின்தொடரத் துடிக்கையில், ஒரு சொல்லுக்கு வயிறு தரையில் படும்படி அது விழ வேண்டும். நீண்ட கயிற்றைக் காலில் மிதித்து நிறுத்துவதில் தொடங்கி, கயிறு தரையில் இழுபட ஓடும் நிலைக்கும், பின் கயிறே இல்லாத நிலைக்கும் நாய் வந்து சேர்கிறது. அடியால் இது வருவதில்லை. படுத்த நாய்க்குக் கிடைக்கும் பரிசு மீண்டும் மந்தையிடம் செல்லும் அனுமதியே. நீச்சலும் படகில் அமைதியாக உட்காருவதும் பின்னர் சேர்கின்றன. தொலைவில் படுக்க மறுக்கும் நாய், எத்தனை அழகாகச் சுற்றினாலும், நல்ல பயிற்சியாளரிடமிருந்து வாத்து வேலைக்குப் போவதில்லை. விலைபோகும் நாயை அவ்வாறு நிறுத்திவைக்கும் நேர்மை இத்தொழிலின் பெருமைகளுள் ஒன்று.

களத்தில் நடப்பது ஆரவாரமற்றது. வண்டியின் கதவு திறந்ததும் நாய் இறங்கிக் கையாளுபவரின் காலருகே நிற்கிறது. அவர் காற்றின் திசையையும் குளத்தின் இருப்பையும் பார்த்து, வாத்துகளுக்கும் நீருக்கும் இடையே நாய் வந்துசேரும்படி அகன்ற வளைவில் அனுப்புகிறார். முதலில் மேய்ச்சல் நிற்கிறது. காவலுக்கு நிற்கும் பறவையின் கழுத்து செங்குத்தாக நிமிர, அடுத்தடுத்த கழுத்துகளும் நிமிர்கின்றன. தலைகள் குறுக்காக அசையத் தொடங்குவது கூட்டம் எழப்போவதன் அறிகுறி. நாய் முன்கால் ஒன்றைத் தூக்கியவாறு உறைந்து, பின் தோள் எலும்பு முதுகுக்கு மேல் புடைக்க இரண்டடி ஊர்கிறது. ஒன்று எழுந்ததும் அனைத்தும் எழுகின்றன. அதே நொடியில் விசில் ஒலிக்க, நாய் படுத்துவிடுகிறது. குளத்திலேயே இறங்கிவிடும் கூட்டத்துக்கு நாய் நீந்த வேண்டியிருக்கும். சிறு குளமாயின் அதுவே போதும், பரந்த நீராயின் கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் நாயை மிதவைச் சட்டையோடு ஏற்றிச் செல்கிறார்கள். தொடக்கத்தில் ஒரே நாளில் பலமுறை, வாத்துகள் கணிக்க முடியாதபடி வேளைகளை மாற்றி மாற்றி வர வேண்டும். சில வாரங்களில் நாயைக் காணுமுன்பே, அந்த வண்டியைக் கண்ட மாத்திரத்தில் கூட்டம் எழுந்துவிடும் என்று தொழிலில் இருப்போர் சொல்கிறார்கள்.

பணியாளரின் ஆண்டு வாத்தின் ஆண்டையே பின்பற்றுகிறது. வசந்தத்தில் கூடு கட்டுமுன் இணைகளை எழுப்பிவிடுவதே பெரும்பணி; முட்டையிட்டுவிட்டால் கூட்டின் அருகே நாய்க்கு இடமில்லை. அப்போது உரிய பதிவு பெற்றவர்கள் முட்டையை நீரில் இட்டுப் பார்த்து, மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டதென்று கூட்டிலேயே விட்டுவிட்டு, மூழ்கினால் மட்டும் சோள எண்ணெய் பூசி வளர்ச்சியை நிறுத்துகிறார்கள்; முட்டையை எடுத்துவிட்டால் தாய் மீண்டும் இடும் என்பதாலேயே அது கூட்டில் திரும்ப வைக்கப்படுகிறது. கோடையில் வாத்துகள் பறக்கும் சிறகுகளை ஒருசேர உதிர்த்து ஏறக்குறைய ஒரு மாதம் பறக்கவியலாமல் இருக்கின்றன. பறந்து தப்ப இயலாத பறவையை நாயால் விரட்டுவது கொடுமை என்பதால், அப்பொழுது வேலை நிறுத்தப்படுகிறது. நாய்க்கும் ஆபத்துகள் உண்டு: கோடையில் நச்சுப் பாசி, கூடு காக்கும் அன்னத்தின் இறக்கையடி, குளிரில் பாதி உறைந்த பனித்தளம். மெல்லிய பனிமேல் வாத்துகள் நின்றால், எத்தனை பேர் புகார் செய்தாலும் நாயை அனுப்பாமல் திரும்புபவரே நம்பத்தக்க கையாளுபவர்.

விமான நிலையங்களில் இவ்வேலையின் எடை வேறு. 1995இல் அலாஸ்காவின் எல்மென்டார்ஃப் தளத்திலிருந்து எழுந்த படை விமானம் கனடா வாத்துகள் மோதி விழுந்ததில் 24 பேர் இறந்தனர். 2009 ஜனவரியில் நியூயார்க்கின் லகார்டியாவிலிருந்து கிளம்பிய விமானம் அதே காரணத்தால் ஹட்சன் ஆற்றில் இறங்க, 155 பேரும் பிழைத்தனர். ஃபுளோரிடாவின் தென்மேற்கு விமான நிலையம் 1999இல் ஜெட் என்ற பார்டர் கோலியைப் பறவை விரட்டும் பணியில் சேர்த்தது. ஓடுபாதையருகே தவறான திசையில் எழுப்பப்பட்ட கூட்டமே விபத்துக்குக் காரணமாகிவிடக்கூடும் என்பதால், படுக்கச் சொன்னால் படுக்கும் நாய் இங்கே இன்னும் இன்றியமையாதது.

விரட்டப்பட்ட வாத்துகள் மறைந்துவிடுவதில்லை. அவை பெரும்பாலும் அடுத்த குளத்தில் இறங்குகின்றன, அங்கிருந்து அடுத்த அழைப்பு வருகிறது. இதைத் தொழிலில் இருப்போர் மறைப்பதுமில்லை. கரையோரம் புல்லை வெட்டாமல் உயரமாக வளரவிட்டால், பகை தெரியாத இடத்தில் நடக்க வாத்துகள் தயங்கும் என்று தங்கள் வருவாயைக் குறைக்கும் அறிவுரையையும் பலர் உரிமையாளர்களுக்குச் சொல்கிறார்கள். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். கரை வரை ஒட்ட வெட்டிய பச்சைப்புல்லே அழகென்று கருதும் மற்றவர்களின் இடங்களுக்கு நாய் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.