பாதி வழியில் ஒரு வகுப்பறை

கொழும்புத் தேசிய நூதனசாலையிலே ஒரு கல் நிற்கிறது. 1911ஆம் ஆண்டிலே காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது அது. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவராகிய செங் ஹே என்பவர் நாட்டுவித்த கல். அதிலே பொறிக்கப்பட்ட காலம் 1409ஆம் ஆண்டுக்கு உரியது. ஒரே கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் எனப் பெயர் பெற்ற திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. மூவர்க்கும் அளித்த காணிக்கைகள் பொன்னும் வெள்ளியும் பட்டுமாக அங்கே விரிகின்றன.

யாழ்ப்பாணத்திலே தமிழும் வரலாறும் கற்பிப்பவன் நான். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆண்டெல்லாம் அந்தக் கல்லின் முன்னே அவர்களை நிறுத்துவது என் வழக்கம். ஒரு முறை சிறுவன் ஒருவன் கேட்டான்: “சேர், தமிழை வாசிச்சுக் காட்டினீங்கள். சீனத்திலே என்ன எழுதியிருக்கு?” நூலிலே படித்ததைச் சொன்னேன். “நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோவன், சேர்” என்றான். வாய் மூடி நின்றேன். அந்த வெட்கமே என்னைக் கொழும்பில் விடுமுறை வகுப்புகளுக்கும், பின்னர்ப் புலமைப்பரிசில் ஒன்றின் துணையோடு 2018ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே பெய்ஜிங் நகருக்கும் கொண்டு சென்றது. அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு.

பெய்ஜிங்கின் வடமேற்கிலே ஹைதியென் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே நெடுக ஓடும் பெருந்தெருவுக்குக் கல்லூரித் தெரு என்பது பெயர். 1952ஆம் ஆண்டளவிலே சுரங்கத் தொழில், உருக்கு, பெற்றோலியம், நிலவியல், விமானவியல் முதலிய துறைகளுக்கென எட்டுக் கல்லூரிகளை அத்தெருவை ஒட்டி நிறுவினார்கள். பத்தாண்டு கழித்து, 1962இலே, வெளிநாட்டு மாணவர்க்குச் சீனம் கற்பிப்பதற்கென்றே ஒரு நிலையம் தோன்றியது. அதுவே இன்று பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம். ‘சிறிய ஐக்கிய நாடுகள்’ என்று அதனைச் செல்லமாக அழைப்பார்கள். உணவுச்சாலையிலே ஒரு மேசையைச் சுற்றி ஐந்து கண்டத்து முகங்களைக் காணலாம். ஐவரும் பேசுவது பிழை மலிந்த சீனம்!

அதற்கு அண்மையிலுள்ள சந்திக்கு வூதாவ்கோவ் என்று பெயர். முதல் வாரம் அஃது எனக்கு வெறும் ஓசை. இரண்டாம் வாரம் பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் படித்தபோது ‘ஐந்தாம் கடவை’ எனப் பொருள் விளங்கிற்று. கடவை எங்கே எனத் தேடினேன், காணவில்லை. ஜான் தியென்யூ என்ற சீனப் பொறியியலாளர் அமைத்து 1909ஆம் ஆண்டில் நிறைவேறிய புகையிரதப் பாதை அவ்வழியே சென்றதாம். 2016இல் அப்பாதையை மூடிவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் இறுதியிலே அதே திசையில் நிலத்தின் கீழே அதிவேக வண்டி ஓடத் தொடங்கியது. கடவை போயிற்று, பெயர் மட்டும் மக்களின் வாயிலே நிலைத்து நிற்கிறது.

சீனத்தின் ஒலிகளைப் பற்றி வாசகர் கேட்க விரும்பலாம். நம் தமிழின் சிறப்பு எழுத்தாகிய ழகரம் அங்கே உண்டு என்றால் வியப்பாக இருக்குமல்லவா? ‘மனிதன்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் ஏறத்தாழ ‘ழென்’ என ஒலிக்கும். தமிழிலே சொல்லின் முதலில் வாராத ஒலி அங்கே முதலிலேயே வந்து அமர்ந்திருக்கிறது. ழகரத்தை ளகரமாக்கிப் பேசும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை இருபது ஆண்டுகளாகத் திருத்தி வந்த எனக்கு, அந்த ஒரு சொல்லிலாவது வகுப்பிலே முதலிடம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ‘மாய்’ என்ற ஓசையைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குதல். மேலிருந்து கீழே விழுத்தினால் விற்றல். பழக்கடைக் கிழவியிடம், “அப்பிள் விற்க வந்தேன்” என்று சொல்லி நின்ற நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அவள் தன் கூடையை அணைத்துக்கொண்டு, “நான்தான் விற்கிறேன், நீ வாங்கு!” என்றாள்.

தொடக்க நிலையிலே கற்பவனுக்குக் குறைவில்லை. இன்று பத்துச் சொல் தெரிந்தால் நாளை இருபது. கடைக்காரரும் காவலாளியும், “உங்கள் சீனம் நன்றாக இருக்கிறது” என்பார்கள். எழுத்தின் அமைப்பும் ஒரு விளையாட்டுப்போல் இனிக்கும். பசுமையைக் குறிக்கும் எழுத்தொன்று உண்டு. அதன் ஒலி ‘ச்சிங்’. அதனோடு நீரைச் சேர்த்தால் தெளிவு. சூரியனைச் சேர்த்தால் முகிலற்ற வானம். நெஞ்சைச் சேர்த்தால் உணர்ச்சி. சொல்லைச் சேர்த்தால் வேண்டுதல். எல்லாவற்றுக்கும் ஒலி ‘ச்சிங்’ தான்; ஏற்ற இறக்கமே சிறிது வேறுபடும். ஒரு பக்கம் பொருளைக் காட்ட, மறுபக்கம் ஒலியைக் காட்டும் இந்த முறையிலேதான் சீன எழுத்துக்களிற் பெரும்பாலானவை அமைந்துள்ளன. 1716ஆம் ஆண்டில் வெளிவந்த காங்சி அகராதியில் 47,000க்கு மேற்பட்ட எழுத்துக்களை 214 தலைப்புக்களின் கீழ் அடக்க முடிந்ததும் இந்த ஒழுங்கினாலேயே.

இடர் தொடங்குவது நடுநிலையிலே. நான் சென்ற ஆண்டிலே வெளிநாட்டார்க்குரிய சீனமொழிப் பரீட்சை ஆறு படிகளைக் கொண்டிருந்தது. நாலாம் படிக்கு 1,200 சொற்கள். ஐந்தாம் படிக்கு 2,500. ஒரே படிதான், சுமையோ இரட்டிப்புக்கு மேல். 2021ஆம் ஆண்டில் வந்த புதிய திட்டத்திலே மூன்று நிலையும் ஒன்பது படியுமாக வகுத்திருக்கிறார்கள். அதன்படி நடுநிலையை முடிப்பவன் 1,800 எழுத்தும் 5,456 சொல்லும் அறிந்திருத்தல் வேண்டும்.

தொகையைவிடக் கொடியது வேறொன்று. மிகுதியாக வழங்கும் 1,000 எழுத்துக்களை அறிந்தவன், செய்தித்தாளை விரித்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 90 எழுத்துக்களை அடையாளங் காண்பான். 2,500 எழுத்தை அறிந்தவனுக்கு அது 98 அளவில் நிற்கும். முதல் ஆயிரம் தொண்ணூறைத் தந்தது. அடுத்த ஆயிரத்தைந்நூறோ எட்டைத்தான் தருகிறது. உழைப்பு ஒன்றரை மடங்கு, ஊதியம் பத்திலொன்று! ஆனால் செய்தியின் உயிர் அந்த எட்டிலேதான் இருக்கும். “நேற்று ஓர் ஊரிலே ஏதோவொன்று ஏதோவொன்றினால் அழிந்தது” என்ற அளவில் எனக்கு விளங்கும். அழிந்தது பாலமா, பயிரா, எதனால் அழிந்தது என்பது விளங்காது.

எங்கள் வகுப்பில் இருந்தவர்கள் பதினெண்மர். பெரும்பாலார் இருபது வயதினர். கொரிய, யப்பானிய மாணவர்கள் தொடக்க நிலையில் எங்களைப் போலவே திணறியவர்கள். நடுநிலையிலோ அவர்களுக்குச் சிறகு முளைத்துவிட்டது. ‘பொருளாதாரம்’, ‘சமூகம்’ போன்ற சொற்கள் வந்ததும் அவர்கள் மொழியிலுள்ள சீனவழிச் சொற்கள் துணைக்கு வந்தன. வடமொழிச் சொற்களால் தமிழனுக்குச் சிங்களம் சிறிது எளிதாவது போன்றது அது. எனக்கு அத்தகைய உறவினர் எவருமில்லை.

சீனத்திலே ‘திங்ஜியென்’ என்றால் ஓசை செவியில் விழுந்தது. ‘திங்துங்’ என்றால் கேட்டது விளங்கியது. இரண்டும் வெவ்வேறு சொற்கள். தொடக்க வகுப்பிலே விளங்காதபோது “விளங்கவில்லை” என்று துணிந்து சொன்னேன். நடுநிலையிலோ அதைச் சொல்ல நாணம் வந்தது. மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். தலையசைக்கும்போது நானும் அசைத்தேன். எங்கள் ஆசிரியை வகுப்புக்கு வெளியே என்னைக் கண்டால், நானும் ஆசிரியன் என்ற மதிப்பினால், “லாவோஷி” என்றே அழைப்பார். ஆசிரியர் என்பது அதன் பொருள். அந்த அழைப்பு என் நடிப்பை இன்னும் இறுக்கியது.

நவம்பரிலே பல்கலைக்கழகத்து மரங்கள் பொன்னிறமாகி உதிர்ந்தன. இடைத்தவணைப் பரீட்சையும் வந்தது. சொல்வதை எழுதுதல், கேட்டு விடை கூறுதல், வாசித்தல் என மூன்று பகுதிகள். நூற்றுக்கு நாற்பத்தொரு புள்ளி பெற்றேன். வகுப்பிலே அதுதான் கடைசி. விரும்பினால் கீழ்வகுப்புக்கு இறங்கலாம் என்றார்கள். அன்றிரவு விடுதி அறையிலே, இறங்குவதா, ஊருக்கே திரும்புவதா என்ற எண்ணந்தான்.

அப்போது நினைவில் வந்தவன் ஒன்பதாம் வகுப்பிலே என்னிடம் படித்த ஒரு மாணவன். முதல் வாங்கிலும் இல்லை, கடைசி வாங்கிலும் இல்லை. நடு வாங்கிலே இருந்தவன். சிறு வகுப்புகளிலே கெட்டிக்காரன் எனப் பெயர் எடுத்தவன். இலக்கணம் விரிந்ததும் பின்தங்கினான். “விளங்கிச்சுதா?” என்று கேட்பேன், “ஓம், சேர்” என்பான். பரீட்சையிலே பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். அவனுடைய அறிக்கையிலே “முயற்சி போதாது” என்று மூன்று தவணையும் எழுதினேன். சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவில்லை. அவன் சொன்ன ‘ஓம்’ எத்தகையது என்று பெய்ஜிங்கிலே, நாற்பத்தொரு புள்ளித் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கு விளங்கிற்று.

அவ்வாரத்துப் பாடம் நாலெழுத்துத் தொடரொன்று. பாதி வழியிலே கைவிடுதல் என்பது அதன் பொருள். அதனோடு சேர்த்துக் கற்பித்த கதை, ஃபான் யே என்பார் ஐந்தாம் நூற்றாண்டில் தொகுத்த பிற்கால ஹான் வரலாற்றில் வருவது. யூவே யாங்சு என்பவன் கல்வி தேடித் தொலைவிடஞ் சென்று, ஓராண்டிலே வீடு திரும்பினான். வீட்டு நினைவு வந்தது என்றான். மனைவி கத்தியை எடுத்துக்கொண்டு தறியண்டை சென்றாள். இழையிழையாக வளர்ந்த துணியை இப்போது அறுத்தால் இதுவரை நெய்ததும் வீணாகும். கல்வியும் அதுபோன்றதே என எடுத்துரைத்தாள். அவன் வந்த வழியே சென்று, ஏழாண்டு திரும்பாமற் கற்றான். அன்று மாலை என் மனைவியோடு தொலைபேசியிற் பேசியபோது இக்கதையைச் சொன்னேன். “எங்கட வீட்டிலே தறியும் இல்லை, கத்தி பிடிக்க நேரமும் இல்லை. போனது போனீங்கள், முடிச்சுக்கொண்டு வாங்கோ” என்றாள்.

மறுநாள் ஆசிரியையிடம் சென்று, கீழ்வகுப்புக்குப் போகிறேன் என்றேன். அவர் ஆறுதல் எதுவும் கூறவில்லை. என் விடைத்தாளை விரித்து, ஒவ்வொரு பிழையையும் சுட்டி, “இது செவியில் விழவில்லையா? விழுந்தும் விளங்கவில்லையா? விளங்கியும் எழுத வரவில்லையா?” எனக் கேட்டு, மூன்று நிரல்களிலே குறித்துக்கொண்டு வந்தார். முடிவிலே பார்த்தால், மூன்றாவது நிரலே மிக நீண்டிருந்தது. “உங்கள் செவி இவ்வகுப்புக்கு உரியது; கை மட்டும் தொடக்க நிலையிலே நிற்கிறது. கையைக் கீழ்வகுப்புக்கு அனுப்புங்கள்; நீங்கள் இங்கே இருங்கள்” என்றார்.

என் தொழில் வாழ்விலே ஒரு மாணவனின் பிழைகளை நான் அவ்வாறு பிரித்துப் பார்த்ததில்லை. எண்ணிக் கூட்டிப் புள்ளி மட்டுமே போட்டிருக்கிறேன்.

அன்று முதல் இரவுதோறும் இருபது எழுத்து. பிள்ளைகளுக்குரிய கட்டம் போட்ட கொப்பியிலே எழுதினேன். குளிர் கடுமையாயிற்று. பெய்ஜிங் பல்கலைக்கழகத்திலே ‘இன்னும் பெயரிடாத ஏரி’ என்றே பெயர் பெற்ற ஏரி உறைந்து, மாணவர்கள் அதன்மேல் சறுக்கி விளையாடினார்கள். ஒருநாள் ‘பயிலுதல்’ என்ற எழுத்தை எழுதினேன். அதன் பழைய வடிவிலே மேற்பகுதி இரு சிறகு. பறவை மீண்டும் மீண்டும் பறந்து பழகுதல் என்றே, ஏறத்தாழக் கி.பி. 100இல் சூ ஷென் இயற்றிய அகராதி அதற்குப் பொருள் கூறுகிறது. எழுத்துக்களை எளிதாக்கியபோது ஒரு சிறகை மட்டும் விட்டு வைத்தார்கள். நடுநிலை மாணவனுக்கு அதுவே பொருத்தமான வடிவம் என எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

ஆண்டிறுதிப் பரீட்சையிலே அறுபத்தெட்டுப் புள்ளி. பெரிய வெற்றியன்று, நடு வாங்குக்குரிய புள்ளி. 2019ஆம் ஆண்டு யூலையிலே ஊர் திரும்பினேன். அந்த மாணவனைத் தேடினேன். குடும்பத்தோடு வேறூருக்குப் பெயர்ந்துவிட்டான் என்றார்கள். அவனுக்கு நான் எழுதிய மூன்று வரிகளையும் இனி அழிக்க வழியில்லை. வகுப்பிலே “விளங்கிச்சுதா?” என்று மட்டும் நான் இப்போது கேட்பதில்லை. “எது வரைக்கும் விளங்கிச்சுது?” என்று கேட்கிறேன். நடு வாங்கிலிருந்தும் விடை வருகிறது.

அவ்வாண்டிறுதியில் மாணவரோடு நூதனசாலைக்குச் சென்றேன். கல்லிலுள்ள சீனம் பழஞ்சீனம். என் நடுநிலைக் கல்வி அதற்குப் போதாது. ஆயினும் மிங் அரசமரபின் பெயரையும், பொன் என்ற எழுத்தையும், வெள்ளி என்ற எழுத்தையும் விரலாற் சுட்டி வாசித்தேன். “மிச்சம், சேர்?” என்றான் ஒருவன். “மிச்சம் இன்னும் விளங்கவில்லை, தம்பி, படித்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன்.