உகாய்

சங்கப் பாடல்களில் அறியாத மரஞ்செடிகளின் பெயர் வந்தால் ‘ஒருவகை மரம்’ என்று பொருள் கூறிக் கடந்துவிடுவது தமிழாசிரியர்களிடையே உள்ள வழக்கம். நாமும் அதற்கு விலக்கல்லோம். பாலை நிலத்து உகாயை இருபதாண்டுகளாக அப்படித்தான் கடந்துவந்தோம். நற்றிணை அதன் காயின் சுவைக்கு மிளகை உவமை சொல்கிறது; குறுந்தொகை அதன் அடிமரத்துக்குப் புறாவின் முதுகைச் சொல்கிறது. இரண்டையும் உவமை நயம் என்று வியந்தோமேயன்றி, அம்மரம் எங்கே நிற்கிறது என்று தேடினோமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்க ஊர்ல உகான்னு ஒண்ணு இருக்கு. எங்க அப்பத்தா அந்தக் குச்சியிலதான் பல்லு விளக்கும்” என்றார். இராமநாதபுரம் கடற்கரையோரச் சிற்றூர் அவருடையது. “அது வேறாக இருக்கும்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அமர்ந்தவர் அவ்வாண்டு முழுவதும் வேறெதுவும் கேட்கவில்லை.

பின்னொரு நாள் பள்ளிவாசல் அருகே ஒரு கடையில் மிஸ்வாக் குச்சி வாங்கினோம். உறையில் ‘சால்வடோரா பெர்சிகா’ என்றிருந்தது. தாவரவியல் துறை நண்பரிடம் காட்டினோம். “உங்கள் உகாய்தானே இது?” என்றார் அவர். ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி நம் தென்கரை வரை, வறள்நிலத்திலும் உவர்நிலத்திலும் புதராகவோ சிறுமரமாகவோ வளர்வது. வேரும் தண்டும் நெடுங்காலமாகப் பல் துலக்கப் பயன்படுபவை. அதன் காரத்துக்குக் காரணமான ஐசோதயோசயனேட், கடுகின் காரத்துக்கும் காரணமான வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சிலவற்றைக் கொல்ல வல்லது.

அடுத்த கோடையில் அம்மாணவரின் ஊருக்கே சென்றோம். படிப்பு முடித்திருந்த அவரே வழிகாட்டி. கண்மாய்க்கரை நெடுகச் சீமைக்கருவேலம். அதனிடையே இரண்டே உகாய். அடிமரம் புறாவின் முதுகேதான். காய் ஒன்றைக் கடித்தோம். நா சுரீரென்றது. நயமன்று, கண்டும் உண்டும் சொன்ன சொல்.

“தம்பி, அன்று நீ சொன்னதே சரி” என்றோம்.

அவர் மரத்தைப் பார்த்தபடி, “அப்பத்தா போன வருசம் தவறிப்போச்சு ஐயா. இப்ப எங்க வீட்லயும் பேஸ்ட்டுதான்” என்றார்.

இப்போதெல்லாம் அப்பாடலை நடத்தும்போது உகாய்க்கு நாம் பொருள் சொல்வதில்லை. உங்களில் யாருக்கேனும் தெரியுமா என்று முதலில் கேட்கிறோம். கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்கிறோம்.