எள்ளலின் எல்லை

ரிக் ஆல்வர்சன் இயக்கி 2015இல் வெளிவந்த ‘என்டர்டெயின்மென்ட்’ என்னும் அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படத்தை அண்மையில் மறுமுறை பார்த்தேன். கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைநிலத்தில் சிறைச்சாலை, மதுக்கூடம் என்று அலைந்து நகைச்சுவை நிகழ்த்தும் ஒருவனின் கதை. பெயர் சுட்டப்படாத அவனாக கிரெக் டர்கிங்டன் நடித்திருக்கிறார்.

நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியம் சொல்வன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இவனிடம் எஞ்சியிருப்பது எள்ளல் மட்டுமே. சிரிக்காத கூட்டத்தை வைகிறான். குறுக்கிட்ட பெண்ணொருத்தியை அவன் ஏசும் காட்சியில் அந்த எள்ளலும் வெறும் வசையாகிவிடுகிறது.

கக்கத்தில் மதுக்கோப்பைகளை இடுக்கியபடியே மேடையில் நிற்கிறான். பார்ப்பவர்கள் அதையும் வேடத்தின் பகுதியாகவே கொள்கின்றனர். அவனது குடி எல்லோர் கண்முன்னும் இருந்தும் எவருக்கும் தெரிவதில்லை.

நிகழ்ச்சி முடிந்தபின், பிரிந்துவாழும் மகளுக்குத் தொலைபேசியில் குரல்செய்தி விடுகிறான். அங்கே எள்ளல் இல்லை; தணிந்து தயங்கும் குரல் மட்டுமே. மறுமுனையில் பதிலில்லை.

குடிக்கும் தந்தையின் அழைப்பை எடுக்காத பிள்ளைகளை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அவர்களுடைய மௌனத்திற்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. ஆல்வர்சன் தந்தையைத் திருத்தவில்லை; மகளைக் குற்றம் சொல்லவுமில்லை. இப்படத்தை நான் மதிப்பது அதற்காகவே.