பிற்பகலுக்கு ஓர் இடம்

பாலைவனத்துக்கு கோல்ஃப் ஆடக் கிளம்புகிறவர்கள் எந்த மைதானம் என்பதைத்தான் மாதக்கணக்கில் பேசுவார்கள். தங்கும் இடம் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்று. என் கணக்கு நேர்மாறானது. கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. என்னைப் போன்ற சுமாரான ஆட்டக்காரனின் பந்து எதில் ஆடினாலும் மணலில்தான் போய் விழும். விடிந்ததும் இறங்கினால் நண்பகலுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீண்டு கிடக்கும் பிற்பகலுக்குத்தான் இடம் தேட வேண்டும்.

பள்ளத்தாக்கின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மேற்கே 3,302 மீட்டர் உயரத்துக்கு சான் ஹசிந்தோ மலை நிற்கிறது. ஜனவரியில் அதன் அடிவாரத்து விடுதிகளில் மூன்று மணி வாக்கிலேயே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். நீச்சல் குளத்தை நம்பி வந்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மே மாதத்திலோ அதே நிழலுக்காக ஏங்குவோம். ஊரின் வடக்கு ஓரத்தில் வாடகை குறைவாகத் தெரிந்தால் காற்றை நினைத்துக்கொள்ள வேண்டும். சான் கோர்கோனியோ கணவாயில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

எனக்குப் பிடித்தது லா கின்டா. சான்டா ரோசா மலைகளின் மடியில் இருப்பதால் காற்றின் தொல்லை குறைவு. 1926இல் திறந்த ஓட்டுக்கூரை விடுதி ஒன்று இன்றும் நடக்கிறது. ஊருக்கே அதன் பெயர்தான். பீட் டை வடிவமைத்து 1986இல் திறந்த ஸ்டேடியம் மைதானமும் பக்கத்திலேயே. அதன் பதினேழாம் குழி தண்ணீருக்கு நடுவே பாறைத் தீவில் இருக்கிறது. சிறைத்தீவின் நினைவில் அதை அல்கட்ராஸ் என்பார்கள். ஆனால் பெரிய விடுதிகளில் அறை வாடகையை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. ரிசார்ட் கட்டணம், கார் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைதான் நிஜம்.

நாலு பேராகப் போனால் வீடு எடுப்பதுதான் கட்டுப்படியாகும். சமையலறை இருக்கும், வெயிலில் அலைந்து வந்தபின் ஒரு ரசம் சோற்றுக்கு ஈடாக எந்த உணவகமும் எதுவும் தருவதில்லை. ஒரு சிக்கல் உண்டு. ஜன்னலைத் திறந்தால் பச்சைப் புல் தெரியும், ஆனால் அது உறுப்பினர்கள் மட்டும் ஆடும் கிளப்பாக இருக்கும். இங்கே பல கிளப்புகள் அப்படித்தான். இன்னொன்று, ஆட்டம் தொடங்கும் மேடையிலிருந்து பார்த்தால் வலப்பக்கத்து வீடா, இடப்பக்கமா என்று கேளுங்கள். வலக்கை ஆட்டக்காரர்களின் தவறிய அடி பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளையும். அந்தப் பக்கத்து முற்றத்தில் நிம்மதியாகக் காபி குடிக்க முடியாது.

கூட்டத்தில் ஆடாதவர்கள் இருந்தால் இந்தியன் வெல்ஸ். அங்கே நகராட்சிக்குச் சொந்தமான இரண்டு மைதானங்களை ஒட்டி விடுதிகள் இருக்கின்றன. பணம் கட்டி யாரும் ஆடலாம், மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு இருக்கலாம். மார்ச்சில் அங்கே பெரிய டென்னிஸ் போட்டி, ஏப்ரலில் இண்டியோவில் இசை விழா. அந்த வாரங்களில் பள்ளத்தாக்கு முழுவதும் வாடகை எகிறிவிடும்.

வெயில் தணிந்துவிட்டதே என்று அக்டோபரில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் தழைக்கும் பெர்முடா புல் குளிரில் பழுத்துவிடும் என்பதால், அந்த மாதத்தை ஒட்டி மைதானங்களைச் சில வாரங்கள் மூடி ரை புல் விதைப்பார்கள். அறை எடுப்பதற்கு முன் மைதானத்துக்குப் போன் செய்து எப்போது திறக்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. திறந்த புதிதில் கோல்ஃப் வண்டியைப் புல்லில் இறக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாதையிலிருந்து நடந்து போய்த் திரும்ப வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் டிசம்பருக்குத் தள்ளிப்போடலாம்.