இடம் மாறிய திண்ணை

வீடு மாறியவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. கட்டில், அலுமாரி, அம்மி முதலிய பெரிய சாமான்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். காணாமற் போவது, சுவரில் தொங்கிய ஒரு சிறிய படமாக இருக்கும். சென்ற ஆண்டு, வீடு மாறாமலே எனக்கு அந்த அனுபவம் கிட்டியது.

கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் அயலவராய் வாழ்ந்து, 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று சிதறிய சில குடும்பங்கள், 2004இல் இணையத்தில் ஒரு கருத்துக்களம் அமைத்துக்கொண்டன. எங்களுக்குள் அதன் பெயர் 'திண்ணை'. அந்தோனியார் திருவிழாவும் ஆடிப்பூரமும், கலியாணமும் மரணமும், ஒடியற்கூழுக்கு எவ்வளவு புளி என்பதும் அங்கேதான் பேசப்படும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிவிட்டது. அன்று கடல் கடந்தவர்கள் எங்களைத் தேடி வந்தது இத்திண்ணைக்குத்தான். ஒவ்வொரு வீட்டாரும் சுகம் என்று ஒவ்வொரு வரியாக நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆயினும் திண்ணைக்கு வயதாகிவிட்டது. அதைத் தாங்கிய மென்பொருளைப் பழுது பார்ப்பார் இல்லை. கைத்தொலைபேசியில் எழுத்து எறும்பு போலத் தெரியும். கணினி படித்த என் மருமகன் ரொறன்ரோவிலிருந்து எச்சரித்தான்: "மாமா, இனியும் சுணங்கக் கூடாது. யாஹூ குழுக்களுக்கு நடந்தது தெரியுந்தானே?" தெரியும். அந்த நிறுவனம் 2019இல் அறிவித்தல் விடுத்து, 2020 டிசெம்பரில் குழுக்களை அடியோடு மூடிவிட்டது. உரிய காலத்தில் எடுத்து வைக்கப்படாத கடிதங்கள் போனவை போனவையே.

ஆகவே, 2013இல் வெளியான 'டிஸ்கோர்ஸ்' என்னும் மென்பொருளுக்கு மாறுவதென முடிவாயிற்று. அது எவரும் விலையின்றி நிறுவிக்கொள்ளக்கூடியது. பொறுப்பாளன் என்ற முறையில் நாளைக் குறித்தவன் நான். 'வரும் ஞாயிறுடன் பழைய திண்ணை மூடப்படும்' என்று ஓர் அறிவித்தல் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. இருபது ஆண்டுக் கடிதங்களும் ஓர் இரவில் புது வீட்டுக்கு வந்தன. பெருமையோடு படுக்கப் போனேன்.

காலையில் முதல் முறைப்பாடு வந்தது: உள்ளே புக முடியவில்லை. கடவுச்சொற்கள் உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. இயந்திரம் அவற்றை அரைத்து மாவாக்கித்தான் வைக்கிறது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியுமா? ஓர் ஆலையின் மாவை மற்ற ஆலை ஏற்கவும் இல்லை. எனவே, எல்லோரும் மின்னஞ்சல் வழியே புதுச் சொல் பெறவேண்டும். முதியவர்கள் பலரின் மின்னஞ்சல் முகவரி என்றோ செத்துப் போயிருந்தது.

அடுத்து, வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மாவின் தொலைபேசி அழைப்பு. அவருக்கு எண்பத்தாறு வயது. பேர்த்தி புதுத் திண்ணையைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"தம்பி, புது வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனால் அவரை எங்கையடா வைச்சிருக்கிறாய்?"

'அவர்' என்பது பெரியப்பா. 2011இல் காலமானவர். கொச்சிக்கடையின் பழைய கதைகளை அவர் திண்ணையில் எழுதிவைத்திருந்தார். அக்காலத்தில் எம்மவர் பலரைப் போல அவரும் 'பாமினி' எழுத்துருவிலேயே எழுதினார். பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்றே பதிவாகும். அதன்மேல் தமிழ் முகம் போர்த்தப்பட்டிருக்கும். புது வீடு ஒருங்குறியை மட்டுமே அறிந்தது. போர்வை விழுந்தது, பெரியப்பாவின் கதைகள் யாவும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்க் கிடந்தன.

அன்று மாலை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போனேன். 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்த அக்கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் கருங்கல்லில் புதுப்பித்தார். கல்தூணில் சாய்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. திருப்பணி தொடங்குமுன் கோயிலில் என்ன செய்கிறார்கள்? மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கிச் சிறு பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். திருப்பணி ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். பூசை ஒரு வேளையும் நிற்பதில்லை. நானோ மூலவரை வீதியில் நிறுத்திவிட்டுக் கட்டடத்தைப் பூட்டியவன்!

மறுநாளே பழைய திண்ணையை வாசிப்புக்காக மீண்டும் திறக்கச் செய்தேன். புது மென்பொருள் எழுதப்படுவதையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பும். பதிலையும் மின்னஞ்சலிலேயே ஏற்கும். முதியோரின் புது முகவரிகளைத் தொலைபேசியில் கேட்டு நானே பதிந்தேன். கடவுச்சொல் தொல்லை தீர்ந்தது.

பாமினிக் கடிதங்களுக்குப் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் உண்டு. ஆனால் மொத்தமாக மாற்றினால், இடையில் எழுதிய உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குளறுபடியாகிவிடும். மனிதக் கண் வேண்டும். ஆளுக்கோர் ஆண்டாகப் பங்கிட்டுக்கொண்டோம். மூன்று மாதம் பிடித்தது. இறந்தவர்களின் வாக்கை இருப்பவர்கள் வரிவரியாகப் படித்தோம். தமிழ் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள்கூட, "இது எங்கள் தாத்தாவா?" என்று கேட்டு உடன் அமர்ந்தார்கள்.

பெரியப்பாவின் பங்கு முடிந்த அன்று பெரியம்மாவின் மின்னஞ்சல் வந்தது: 'வாசித்தேன். ஓரிடத்தில் ழகரம் ளகரமாக இருக்கிறது. அது இயந்திரத்தின் பிழையன்று. அவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார். திருத்தவேண்டாம்.'

திருத்தவில்லை. இனி எதை இடம் மாற்றுவதானாலும், நாள் குறிக்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.