உருகினாலும் ஓடாத பொருள்

பிளாஸ்டிக் மோல்டிங் பழகிய கை டெஃப்லானுக்கு வந்தால், உருக்கி டைக்குள் பாய்ச்சும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பி.டி.எஃப்.இ. என்னும் இந்தப் பொருளும் 340 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத்தான் செய்கிறது. ஆனால் ஓடாது. மூலக்கூறுச் சங்கிலிகள் அத்தனை நீளம் என்பதால், உருகிய பிறகும் வைத்த உருவத்திலேயே நிற்கும். அதனால் பவுடரைப் பிரஸ்ஸில் அழுத்தி உருவம் கொடுத்து, டையிலிருந்து எடுத்து, ஓவனில் வைத்துச் சுடுகிறோம். செங்கல் அறுத்துச் சூளை வைப்பவருக்கு எங்கள் வேலை உடனே புரிந்துவிடும்.

1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு வாயு சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, சிலிண்டரின் எடையும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது வழவழப்பான வெள்ளைப் பவுடர். எந்த அமிலமும் தீண்டாத அந்தப் பவுடர்தான் பின்னால் யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடைக் கையாளும் குழாய்களுக்குச் சீலாகப் போனது. இன்று கோவையின் வால்வு, பம்ப் பட்டறைகளுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் பால் வால்வு சீட்டும் புஷ்ஷும் கேஸ்கெட்டும் அதே பொருள்தான்.

நான் பிறந்தது இலங்கையின் மாத்தளை மாவட்டத்து எல்கடுவயில். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்த குடும்பம் எங்களுடையது. நக்கிள்ஸ் மலைப்பக்கம் மார்கழி விடியலில் கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவின் கம்பளிக்குள் புகுந்த குளிர் என்ன டிகிரி என்று அன்று யாரும் பார்த்ததில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, குளிர் என்றாலே 19 டிகிரி என்ற கணக்கு என் மனதில் நிற்கிறது.

காரணம், பி.டி.எஃப்.இ.யின் படிக அமைப்பு 19 டிகிரியில் மாறுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது கன அளவு ஏறத்தாழ 1 சதவீதம் மாறிவிடும். அதாவது, 100 மில்லிமீட்டர் வளையம் ஒன்றின் விட்டம், வேறு எதுவும் செய்யாமலே, சுமார் 0.3 மில்லிமீட்டர் மாறும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்து லேத்தில் கடைபவருக்கு அது எத்தனை பெரிய வித்தியாசம்! எல்கடுவயில் இப்படி ஒரு பட்டறை இருந்திருந்தால், விடியலில் அளந்த அளவும் மதியம் அளந்த அளவும் ஒத்துப்போயிருக்காது. கோவையிலும் தை மாதக் காலைகளில் அந்தக் கவலை உண்டு. அதனால் அளக்கும் அறையை 23 டிகிரியில் வைத்து, பொருளையும் அங்கே சில மணி நேரம் கிடக்கவிட்ட பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுக்கிறோம்.

பவுடருக்கும் இதே எல்லைதான். குளிர்ந்து கிடந்தால் சரியாக இறுகாது. பின்னால் விரிசல் விடும். சூடேறிக் கிடந்தால் கட்டி தட்டும். 21 முதல் 25 டிகிரிக்குள் வைத்துச் சலித்து, டையில் சீராகப் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் குவிந்தாலும் அந்த இடம் மட்டும் அதிகமாக இறுகிவிடும். பிரஸ்ஸை மெதுவாக இறக்கினால்தான் இடையில் மாட்டிய காற்று வெளியேறும். சுத்தப் பவுடருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 350 கிலோ வரை அழுத்தம் போதும். கண்ணாடி இழை, கார்பன் கலந்ததற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். வெளியே எடுத்த, இன்னும் சுடாத பச்சைத் துண்டு பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், விரல் நகம் பட்டால் முனை உதிர்ந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஓவன். 370 டிகிரியை நெருங்கும்போது வெள்ளைத் துண்டு மெல்ல மெல்லக் கண்ணாடிபோல் தெளியும். முழுத் துண்டும் தெளிந்துவிட்டால் வெப்பம் நடுவரை போய்விட்டது என்று அர்த்தம். இதற்குள் கன அளவும் கால் பங்கு அளவுக்குப் பெருத்திருக்கும். ஆறும்போது மறுபடி வெள்ளையாகும். 327 டிகிரியிலிருந்து 300க்கு இறங்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் படிகம் கட்டுகிறது. பொருளின் தரம் அங்கேதான் முடிவாகிறது. பெரிய பிளாக்கை வேகமாக ஆற்றினால் மேல்பகுதி முதலில் இறுகிவிடும், உள்ளே இழுபடும், நடுவில் விரிசல் விழும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், கதவுப் பக்கம் யார் போனாலும், “ஆறட்டும் தம்பி, அதுவா ஆறட்டும்” என்பார். பெரிய பிளாக்குக்கு மணிக்கு 10 டிகிரிக்கு மேல் அவர் இறக்க விட்டதில்லை. ஆர்டர் அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அந்த வேகம் மாறாது. அவர் செய்ததே சரி.

எஃப்.இ.பி., பி.எஃப்.ஏ. இரண்டும் இதே குடும்பம்தான். உருகி ஓடும், இன்ஜெக்ஷனுக்கு வரும். விலை அதிகம், வேலை வேறு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பொருள் 400 டிகிரியை நெருங்கினால் சிதையத் தொடங்கும். அந்தப் புகையை முகர்ந்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். கையில் ஒட்டிய பவுடரோடு பீடியோ சிகரெட்டோ பிடித்தாலும் அதே கதிதான். பட்டறைக்குள் புகையிலையே கூடாது. ஓவனுக்குப் புகைபோக்கி கட்டாயம்.

வால்வு சீட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவுத் துண்டை அரைத்துக் கலந்த மலிவுச் சரக்கும் இதே வெள்ளையாகத்தான் இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், சீக்கிரம் அறுந்துபோகும். ஆகவே விலை கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: அடர்த்தி 2.14க்கும் 2.18க்கும் இடையில் இருக்கிறதா, இழுவிசைச் சோதனை அறிக்கை உண்டா, ஓவன் ஆறிய சார்ட்டைக் காட்ட முடியுமா.