நெல்லில்லாத வீடு

ஆனி, புதன்

கதிர்காமத்துக்கு நடக்க வெள்ளி விடியப் புறப்படுகிறோம். வீட்டில் ஒருவரும் தங்கப்போவதில்லை. மாரி வேளாண்மையில் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்த நெல் மூட்டைகளை இன்று லேண்ட் மாஸ்டரில் ஏற்றி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிக்குடியில் சின்னம்மா வீட்டில் இறக்கிவிட்டு வந்தோம். வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், பூட்டிய வீட்டுக்குக் கள்ளன் பயம்தான். படுவான்கரையில் எங்களுக்கு அதைவிட ஆனைப் பயம்.

போன மாசிக்குப் பிறகு எல்லைப்புறக் கிராமமொன்றில் உறவுக்காரர் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்களும் இரண்டு இரவு வெளியூரில் தங்கியவர்கள். முன்கதவில் பூட்டு தொங்கியபடி இருந்தது. மூட்டை அடுக்கியிருந்த மூலைச் சுவர் மட்டும் உள்ளே விழுந்திருந்தது. கல்லில் நெற்றி உரசிய சேறு, ஆள் உயரத்துக்கு மேலே. கிழிந்த சாக்கிலிருந்து நெல் சிந்திய தடம் வளவு முழுக்க. குசினியில் உப்புப் போத்தலும் உடைந்து கிடந்தது. அடுத்த அறையில் சாமிப்படம் ஆணியிலிருந்து அசையக்கூட இல்லை. எந்த மூலையில் நெல் இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு ஆனைக்கும் தெரிந்திருக்கிறது.

மணத்தை அறியும் மரபணுக்கள் ஆபிரிக்க ஆனைக்கு ஏறத்தாழ 2000 இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டார்கள். நாய்க்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், மனிதருக்கு இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. நம்முடைய ஆனைக்கும் மூக்கு குறைந்ததல்ல. அதற்குப் பூட்டும் தாழ்ப்பாளும் எதற்கு? நெல் உள்ளே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வியாழன்

பழுத்த வாழைக்குலையை வெட்டி அயலுக்குக் கொடுத்தாயிற்று. பிலா மரத்தில் முற்றியதெல்லாம் இறக்கினோம். தவிடு, உப்பு, புளி எல்லாம் மாமி வீட்டுக்குப் போய்விட்டன. நகை வங்கியில். காஸ் மூடியாயிற்று, மெயின் சுவிட்சை நாளை விடிய நிறுத்துவோம். மகளிடம், திரும்பி வரும்வரை பயணப் படம் ஒன்றும் பேஸ்புக்கில் போடவேண்டாமென்று சொன்னேன். வீட்டின் நாலு பக்கச் சுவரையும் கூரையையும் தேதி தெரியப் படம் எடுத்து வைத்தேன். ஏதும் நடந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கும், கிராம சேவகரின் அறிக்கைக்கும், நட்டஈட்டுக்கும், முன்பு வீடு எப்படி இருந்தது என்பதைக் காட்ட உதவும்.

பின்னேரம் ஒருவர் வந்து, வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. ஆனை வேலியில் ஓடும் மின்சாரம் விட்டுவிட்டு, கணநேரத் துடிப்பாகத்தான் வரும். அடிக்கும், கொல்லாது. வீட்டுக் கரண்ட் அப்படியல்ல. இருட்டில் மாடு தேடி வருகிற பிள்ளை அந்தக் கம்பியைத் தொட்டால்? சட்டப்படி குற்றம் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிது. வெறும் வீட்டைக் காக்க ஓர் உயிரைப் பணயம் வைக்க மாட்டேன், அது ஆனையின் உயிரானாலும்.

மச்சான் சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க யோசிக்காமப் போய்ட்டு வாங்க மச்சான். பொழுதுபட முத்தத்துச் சோலார் லைட்டை நான் பாத்துக்குவன். சத்தம் கேட்டா வெளிய இறங்கமாட்டன், ஆக்களைக் கூப்பிட்டுட்டு மறுகா வெடி போடுவம்." இந்தக் கடைசிப் பேச்சுத்தான் எனக்கு ஆறுதல். தனியே டோர்ச்சோடு இறங்கியவர்களை இந்தப் பகுதி இழந்திருக்கிறது.

திங்கள், பாணமை

மச்சானோடு பேசினேன். தனி ஆனையொன்று ஒழுங்கை வரை வந்து, எங்கள் கடப்படியில் நின்று, வயல் பக்கம் போய்விட்டதாம். வீட்டுக்கு ஒன்றுமில்லை. சிறுபோக வேளாண்மை பால்பிடிக்கிற காலம், வயலில் என்ன மிச்சமோ.

உகந்தைக்குப் பிறகு குமனையும் யாலவும். அங்கே எல்லோரும் கூட்டமாக, பகலில்தான் நடப்போம். தடத்தில் ஆனை நின்றால் அது போகும்வரை காத்திருப்போம்.

ஆடி, ஞாயிறு, வெல்லாவெளி

வந்து சேர்ந்தோம். சுவர் சுவராக இருக்கிறது. ஆனால் இரண்டு வளவு தள்ளி ஒரு குசினிச் சுவர் போயிற்று. அங்கே விதைநெல் இருந்தது.

ஒவ்வொரு குடும்பமும் நெல்லை வாவி தாண்டிக் கொண்டுபோய் வைக்க முடியுமா? அக்கரையில் சின்னம்மா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இலங்கையில் ஆனை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர் குடியிருக்கிறார்கள். காட்டுத் திணைக்களங்களின் எல்லைக் கோட்டில் வேலி போட்டால் வேலிக்கு இரண்டு புறமும் ஆனை நிற்கும். கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவின் குழு கல்கமுவப் பக்கத்தில் ஊரைச் சுற்றியும், வயலைச் சுற்றிப் போகக் காலத்துக்கு மட்டுமாகவும் வேலி போட்டு, ஊர் மக்களையே பராமரிக்க வைத்தது. அவர் தலைமையில் 2020இல் தயாரான தேசியச் செயற்றிட்டமும் அதையே சொல்கிறது. வேலிக்கீழ் புல்லைச் செருக்க ஊரார் முறைபோட்டு நிற்கவேண்டும். புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். அதற்கு நாங்கள் ஆயத்தம்.

வேளாண்மை வெட்டு தொடங்கினால் ஒருவரையும் பிடிக்க முடியாது. ஊரைச் சுற்றி வேலி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு மனு எழுதி, உடைந்த வீட்டுப் படங்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்க, நாளை பின்னேரம் கோயிலடியில் கூடுகிறோம்.